சீதன வீட்டுக்குப் போன லேத் மெசின்

தம்பிமார், போன கிழமை உங்களில் ஒருவர் யார்டில் வைத்து என்னிடம் கேட்டார், இத்தனை வருசத்தில் நான் ஏற்றி இறக்கியதில் ஆகக் கஷ்டமானது எது என்று. நெல் ஆலைக் கொதிகலன் என்றோ, ஐஸ் தொழிற்சாலை ஜெனரேட்டர் என்றோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவை பாரம்தான். ஆனால் பாரம் பொய் சொல்லாது. சங்கிலியைப் போட்டுத் தூக்கினால் அது தன் எடையை அப்படியே காட்டிவிடும். எனக்கு ஆகக் கஷ்டம் தந்தது சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோன, இரும்பு கடைகிற லேத் மெசின். அது இரண்டு தொன்னுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. அதைச் சுற்றி நின்றவர்கள் ஒருவருக்கொருவர் மறைத்ததையும் சேர்த்து நிறுத்திருந்தால் எந்தக் கிறேனும் தாங்கியிருக்காது.

மெசினின் சொந்தக்காரர் ஒரு மாஸ்டர். தொழில்நுட்பக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு மெசின் வேலை படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அரசாங்கத்தின் லேத்தில் படிப்பித்தவருக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசை. கண்டிப் பக்கம் ஒரு பட்டறையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். போனில் படத்தைக் காட்டினார். கலியாணம் பேசுகிறவர் பெண்ணின் படத்தைக் காட்டுகிற மாதிரி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்.

வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் வைக்க வேண்டும் என்றார். அவருக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, வியாழக்கிழமைதான் வேலை நடக்க வேண்டும். இரண்டாவதை அக்கம் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சத்தம் வரக்கூடா காக்கா."

இரண்டு தொன் இரும்பைச் சத்தமில்லாமல் கொண்டுபோவதற்கு நான் என்ன பூனையா? சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மாஸ்டரின் வீட்டுக்குப் போகிற ஒடுங்கிய ஒழுங்கையைப் பார்க்கப் போனேன். சாய்ந்தமருதில் வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் யர்ஹமுகல்லாஹ் என்று துஆ செய்வார்கள். பிரதான வீதியில் இருந்து கடற்கரைப் பக்கமாகப் போகிற அந்த ஒழுங்கைக்குள் ஓட்டோ வந்தால் நடந்து வருகிறவர் யாருடைய வாசல் கடப்படியிலாவது ஏறி நிற்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க மதில், மறு பக்கம் வடிகான், அதன் மேல் சீமெந்துச் சிலாப். போதாததற்கு, மாஸ்டரின் வீட்டுக்குச் சற்று முன்னால் ஒழுங்கை மடக்கிய முழங்கை மாதிரி ஒரு திருப்பம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு இந்தப் பக்கம் அகலமான இரும்புக் கேற்றுக் கடப்போடு ஒரு பெரிய வளவு இருந்தது. அதற்கும் மாஸ்டரின் வளவுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். அந்த மதிலைத் தாண்டினால் நேரே கொட்டில்.

"இந்தக் கடப்பால போனா சுகமா இரிக்குமே மாஸ்டர், இது யார்ட வீடு?" என்று கேட்டேன்.

மாஸ்டர் அந்தப் பக்கம் பார்க்காமலே, அது தன்னுடைய மனைவியின் தங்கச்சி வீடு என்றும், அந்த வீட்டு வழியாக வேலை இல்லை என்றும், திருப்பத்தால்தான் போக வேண்டும் என்றும் சொன்னார். சொன்ன விதத்தில் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மெசினின் நீள அகலத்துக்குக் கம்பால் ஒரு சட்டம் கட்டி, என்னோடு வேலை செய்கிற பரீத்தும் நானும் அதைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தால் நடந்து பார்த்தோம். ஒரு விரல் இடைவெளியில் போனது. சிலாப்புகளை இரும்பு அலவாங்கால் தட்டிப் பார்த்தேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஏலும், கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டேன்.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் வியாழக்கிழமையின் மர்மம் விளங்கியது. அன்றைக்கு அவருடைய மனைவி ஹபீபா ராத்தா அக்கரைப்பற்றில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகிறார். மெசின் விசயம் அவருக்குத் தெரியாது.

"அவ வரக்குள்ள மெசின் கொட்டிலுக்குள்ள இருந்தாச் சரி காக்கா. பொறகு என்ன செய்யப் போறா? தூக்கி வெளிய எறியவா?" என்றார் மாஸ்டர். நியாயமாகத்தான் பட்டது.

உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். நம்மட பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பாவும் உம்மாவும் கட்டிக் கொடுத்த சீதன வீட்டுக்கு மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுகிறவர். அக்கா தங்கச்சி வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மாப்பிள்ளைமார்தான் வெவ்வேறு இடத்தில் இருந்து வந்து சேர்ந்தவர்கள். ஆகவே மாஸ்டர் செய்யப் போனது என்ன? இன்னொருவருடைய வீட்டுக்கு, அந்த வீட்டுக்காரிக்குத் தெரியாமல், இரண்டு தொன் சாமானைக் கொண்டுபோய் வைப்பது. வாசலை அளக்கிறதற்கு முந்தி வாசல் யாருடையது என்று கேளுங்கள் என்று நான் உங்களுக்கு நூறு தரம் சொல்வது இதனால்தான்.

வியாழக்கிழமை காலையில் லொறி பிரதான வீதிக்கு வந்து சேர்ந்தது. அங்கே கிறேனால் இறக்கி, நாவிதன்வெளிச் செல்வத்தின் உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் மாற்றி, ஒழுங்கையின் வாய் வரை கொண்டுபோனோம். செல்வம் வயலில் சேற்றுக்குள் பெட்டியைப் பின்னுக்கு எடுத்துப் பழகியவர். வாயில் வெற்றிலையோடு, கண்ணாடியைப் பார்க்காமலே, ஒழுங்கைக்குள் பெட்டியைப் பின்பக்கமாகவே ஏற்றினார். அதற்கு மேல் பெட்டி போகாது. மெசினை இறக்கிப் பலகை போட்டு, பைப் உருளைகளில் வைத்து, மெல்ல மெல்ல உருட்டத் தொடங்கினோம்.

மாஸ்டர் அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு, கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார். மறைக்கிறாராம். தார்ப்பாய் போட்ட பிறகுதான் ஒழுங்கை முழுக்க எட்டிப் பார்த்தது. ஜன்னலால் ஒரு பெண், என்ன சாமான் என்று கேட்டார். மாஸ்டர் யோசிக்காமல், தையல் மெசின் என்றார். ஹபீபா ராத்தா வீட்டில் இருந்து உடுப்புத் தைக்கிறவர், அதனால் அந்தப் பொய் அவருக்கு வாய்க்கு வந்திருக்கிறது. பரீத் சிரிப்பை அடக்க முடியாமல் உருளையை விட்டுவிட்டுத் திரும்பி நின்றான்.

தங்கச்சி வீட்டுக் கடப்பைத் தாண்டி, திருப்பத்துக்குப் பக்கத்தில் போகும்போது மெசினின் ஒரு பக்கம் சிலாப்பின் மேல் ஏற வேண்டும். ஏறியது. பாதி போயிருக்கும். காலுக்குக் கீழே தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம்.

சிலாப் நல்ல சிலாப்தான். அது உட்கார்ந்திருந்த வடிகான் கரை உள்ளுக்குள் அரித்துப் போயிருந்தது. மேலே தட்டிப் பார்த்தவனுக்கு அது தெரியவில்லை. முன் உருளை வடிகானுக்குள் இறங்கியது. லேத்தின் தலைப்பக்கம்தான் பாரம் கூட என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கமே சாய்ந்தது. சாய்ந்தது வடிகான் பக்கம், அங்கே வடிகானுக்கு அப்பால் ஒரு வீட்டுச் சுவர். அந்தச் சுவருக்கும் மெசினுக்கும் நடுவில் பரீத்.

பரீத் பலசாலி. நெல் மூட்டையைச் சோற்றுப் பார்சல் மாதிரித் தூக்குவான். பலசாலிக்கு வருகிற புத்திதான் அவனுக்கும் வந்தது. இரண்டு கையையும் மெசினில் வைத்துத் தாங்கப் போனான்.

"கைய எடு! விழட்டும்!"

நான் கத்தியது கடற்கரை வரை கேட்டிருக்கும். எனக்கு இந்தத் தொழில் பழக்கிய மனிசர் வேறு எதையும் விளக்கிச் சொன்னவர் இல்லை, இந்த ஒன்றை மட்டும் கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்லித் தந்தவர்: விழுகிற இரும்பைப் பிடிக்காதே, அது உன்னுடைய உறவு இல்லை. பரீத் கையை இழுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தான். மெசின் இன்னும் கொஞ்சம் சாய்ந்து, வடிகானின் மறு கரையில் முட்டி நின்றது. அது நிற்காமல் போயிருந்தாலும் நான் அதையேதான் கத்தியிருப்பேன். மெசினுக்குப் பாகம் வாங்கலாம். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், உங்கள் கைக்கு எங்கே பாகம் வாங்குவது?

பரீத் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாஸ்டர் மதிலில் சாய்ந்து, உதடு மட்டும் அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அதற்குள் உள்பக்கத்தில் இருந்து சூரை மீன் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்த வியாபாரி ஹோர்னை அடித்துக்கொண்டு, தன்னுடைய மீன் நாறினால் யார் பொறுப்பு என்று கேட்கத் தொடங்கினார். ஒழுங்கையை முழுக்க அடைத்துக்கொண்டு தையல் மெசின் படுத்திருந்தது.

ஜாக்கி வைத்து, கட்டை அடுக்கி, அதை நிமிர்த்தித் திடமாக நிறுத்தினோம். ஆனால் திருப்பத்தால் போகிற வழி முடிந்தது. சிலாப் இல்லாமல் அந்த இடத்தைத் தாண்ட ஏலாது. அந்த நேரம் பார்த்து ஒழுங்கையின் வாய்ப் பக்கத்தால், செல்வத்தின் பெட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒடுங்கி நுழைந்து, ஒரு பெண் வந்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்தே எனக்கு யார் என்று விளங்கிவிட்டது. அக்கரைப்பற்றில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியவர்.

ஹபீபா ராத்தா மெசினைப் பார்த்தார். வடிகானைப் பார்த்தார். பிறகு புருசனைப் பார்த்து, இது என்ன என்று அமைதியாகக் கேட்டார்.

ஒரு பொய்யைச் சொன்ன மனிசன் அதையேதான் திருப்பிச் சொல்வான். மாஸ்டர், தையல் மெசின் என்றார்.

ராத்தா தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கி உள்ளே பார்த்தார். "இதுல என்ன தைக்கிற?" என்று கேட்டார். "கப்பலா?"

மீன் வியாபாரிதான் முதலில் சிரித்தவர். பிறகு ஜன்னல்கள் எல்லாம் சிரித்தன. மாஸ்டர் மட்டும் தார்ப்பாயின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

ராத்தா சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. என்னைக் கையால் கூப்பிட்டுக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

"தம்பி, இதத் திருப்பி றோட்டுக்குக் கொண்டுபோக ஏலுமா?"

"ஏலும் ராத்தா. மினக்கெட்ட வேலை. ஆனா ஏலும்."

"ஏலாது எண்டு சொல்லுங்க."

எனக்கு விளங்கவில்லை. மெசினை வெளியே அனுப்பத்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, தங்கச்சி வீட்டு மதிலைக் கண்ணால் காட்டிக் கதையைச் சொன்னார். தங்கச்சியின் புருசன் காசீம் முதலாளி மீன்பிடி போட் ஒன்று வைத்துத் தொழில் செய்கிறவர். முன்பு ஒருநாள் மாஸ்டர் அவருடைய போட்டைப் பார்த்து, என்ஜின் பூட்டியது கோணல், இது கழன்று கடலில் விழும் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். அது கழன்று கடலில் விழுந்துவிட்டது. மாஸ்டர் மெசின் படித்தவர், கண்டதைச் சொன்னார். காசீம் முதலாளியோ, அது மாஸ்டரின் கரிநாக்குப் பட்டு விழுந்தது என்றார். சகலன்மார் இரண்டு பேரும் அதோடு கதை பேச்சு இல்லை. முதலாளி இரண்டு வளவுக்கும் நடுவில் மதிலும் எழுப்பிவிட்டார், அந்த நாக்கும் கண்ணும் தன்னுடைய வளவுக்குள் படக்கூடாதாம்.

"என்ஜின் விழுந்தது கடலுக்குள்ள. மதில் விழுந்தது எங்கட நெஞ்சுல," என்றார் ராத்தா. "முந்தி அடுப்புல சட்டிய வெச்சிட்டு ஓடிப் போய்த் தங்கச்சிட்ட உப்பு வாங்கிட்டு வருவன். இப்ப உப்புக் கல்லுக்கும் அபாயா போட்டு, ஒழுங்கையச் சுத்திப் போகணும். போய்ச் சேரக்குள்ள கறி தீஞ்சி போயிரும்."

மெசின் பின்னுக்கும் போகாது, திருப்பத்தாலும் போகாது என்றால் மிச்சம் இருப்பது தங்கச்சி வீட்டுக் கடப்பும் அந்த மதிலும்தான். அதற்குத்தான் ஏலாது என்று சொல்லச் சொல்கிறார்.

தம்பிமார், இந்த இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். நம்மட தொழிலில் நமக்கென்று இருக்கிற சாமான் இரண்டே இரண்டு சொல்தான்: ஏலும், ஏலாது. கிறேன் வாடகைக்கு எடுக்கலாம், சங்கிலி கடன் வாங்கலாம். நான் ஏலும் என்று சொன்னால் பரீத் இரும்புக்குக் கீழே கையைப் போடுவான். ஏலாது என்றால் கையை எடுப்பான். ஒரு நல்ல காரியத்துக்காக அந்தச் சொல்லை ஒருதரம் பொய்யாக விற்றால், அடுத்த தரம் நான் கத்தும்போது அவன் ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடிக்குள் என்ன நடக்கும் என்பதைச் சற்று முன்னர்தான் பார்த்திருந்தோம்.

அதே நேரம் ராத்தாவின் முகத்தைப் பார்த்தால் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

நான் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தேன். இந்த முறை சிலாப்புகளை மேலே தட்டவில்லை. குனிந்து, டோர்ச் அடித்து, கீழே கரையைப் பார்த்தேன். நாலைந்து இடத்தில் அதே அரிப்பு இருந்தது. வரும்போதும் உருளைகளின் ஒரு முனை இவற்றின் ஓரத்தால்தான் உருண்டது, அல்லாஹ் காப்பாற்றியிருக்கிறான். திரும்பிப் போகும்போதும் காப்பாற்றத்தான் வேண்டும் என்று அவனைக் கட்டாயப்படுத்துவது மரியாதையும் இல்லை, அதபும் இல்லை.

திரும்பி வந்தபோது காசீம் முதலாளியும் தன்னுடைய கடப்படியில் வந்து நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு, மெசின் விழுந்ததைச் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"பின்னுக்கு எடுக்க ஏலும். ஆனா அந்தச் சிலாப்புகள்ள என்ட ஆக்கள ஏத்த எனக்கு விருப்பமில்ல. இந்தக் கடப்பாலயும் இந்த மதிலாலயும் போனா நிலம் கெட்டி, தூரமும் கொஞ்சம். நான் பொறுப்பெடுக்கிற வழி அது ஒண்டுதான்."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ராத்தா கேட்டதையும் நான் சொல்லவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், கடையில் மீனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, எடுக்கலாம் என்று கூடைக்குள் போடுகிற பார்வை.

காசீம் முதலாளி ஏலவே ஏலாது என்றார். மதில் தன்னுடையது, தன்னுடைய சீமெந்து, ஒரு கல்லையும் தொட விடமாட்டேன் என்றார். மாஸ்டர் இவ்வளவு நேரம் பேசாமல் நின்றவர், இப்போது பார்த்து வாயைத் திறந்தார். அந்த மதிலும் கோணல்தான், விட்டாலும் தானாக விழும் என்று சொல்லித் தொலைத்தார். கரிநாக்கு. முதலாளி மடித்த சாரத்தை இன்னும் உயர்த்திக் கட்டினார். செல்வம் இரண்டு பேருக்கும் நடுவில் போய், வெற்றிலை வேணுமா என்று இரண்டு பேரிடமும் கேட்டார். மீன் வியாபாரி ஐஸ் உருகுகிறது, ஐஸ் உருகுகிறது என்று ஒரு பக்கம் அழுதார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. பொத்தென்று ஒன்று. பிறகு இன்னொன்று. வளவுக்குள் இருந்து வந்தது.

காசீம் முதலாளியின் கடப்பு திறந்துதான் கிடந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அவருடைய மனைவி, ராத்தாவின் தங்கச்சி றமீசா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் உலக்கையைப் பிடித்து மதிலை இடித்துக்கொண்டிருந்தார். மா இடிக்கிற அதே தாளம். அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. மூன்றாவது இடிக்கு ஒரு வரிசைக் கல் மாஸ்டரின் வளவுக்குள் விழுந்தது.

முதலாளி உள்ளே ஓடினார். நாங்கள் கடப்படியில் நின்றோம். அவர் மனைவியிடம் ஏதோ கேட்டார். றமீசா உலக்கையைக் கீழே வைக்காமலே, புருசனின் முகத்தைப் பார்த்து மெல்லமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள முயற்சி செய்ததும் இல்லை. முதலாளி மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, வெளியே வந்து, மாஸ்டரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"கொண்டு போங்க. என்ட கதலி வாழைக்கு மட்டும் படக்கூடா."

அதற்குப் பிறகு நடந்தது வெறும் வேலை. மெசினைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, கடப்புக்கு நேரே திருப்பி உள்ளே உருட்டினோம். ஒழுங்கை திறந்ததும் மீன் வியாபாரி பறந்தார். போகிற போக்கில் பரீத்தின் கையில் ஒரு சூரையைக் கொடுத்துவிட்டுப் போனார். வாழைக்குப் படவில்லை. நான் வாழையைப் பாதுகாக்கவென்றே ஓர் ஆளை நிறுத்தினேன். அந்த ஆள் காசீம் முதலாளிதான். நிற்க வைத்தால் கை சும்மா இராது என்று தெரியும். கொஞ்ச நேரத்தில் அவரும் பைப்பை எடுத்து முன்னால் போடத் தொடங்கினார். ஒரு கட்டத்தில் மாஸ்டர் ஒரு முனையையும் முதலாளி மறு முனையையும் பிடித்து ஒரே பலகையைத் தூக்கினார்கள். பேசவில்லை. ஆனால் பலகையைத் தூக்குகிற இரண்டு பேர், வை என்றாவது சொல்லத்தானே வேண்டும்? வை என்றார் ஒருவர். வைக்கிறன் என்றார் மற்றவர். அந்த நேரத்தில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிலில் அதுவும் ஒரு திறமை.

மதிலின் வாயை அகலமாக்கப் போனபோதுதான் நான் ஒன்றைக் கண்டேன். உலக்கையால் இரண்டு மூன்று இடி இடித்து ஒரு சீமெந்து மதில் விழுவதை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? றமீசா எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அது நடக்காது. விழுந்த கற்களைத் தூக்கிப் பார்த்தேன். கற்களுக்கு நடுவில் இருந்த சாந்து சுரண்டப்பட்டிருந்தது. அன்றைக்குச் சுரண்டியது இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் சுரண்டியது. இரண்டு பக்கத்தாலும். மாஸ்டரின் பக்கத்தில் கீழே கிடந்த குப்பையில், முனை தேய்ந்த கரண்டி ஒன்று கிடந்தது.

நிமிர்ந்து ஹபீபா ராத்தாவைப் பார்த்தேன். அவர் காலைப் பார்த்தேன். கலியாண வீட்டுக்குப் போகிற பெண் வீட்டுச் செருப்போடு போவாரா? அவர் அக்கரைப்பற்றுக்குப் போகவே இல்லை. ஒழுங்கையின் வாயில் உள்ள ஏதோ ஒரு வீட்டில் இருந்து தையல் மெசின் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மெசின் கதை அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. திருப்பத்தால் அது போகாது, எப்படியும் மதில் பக்கம்தான் வந்து நிற்கும் என்று அக்காவும் தங்கச்சியும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். திருப்பத்தில் ஒரு விரல் இடைவெளி இருந்ததும் சிலாப் உடைந்ததும்தான் அவர்களுடைய கணக்கில் இல்லாதவை. நாங்கள் மெசினைத் திருப்பி றோட்டுக்கே கொண்டுபோய்விடுவோமோ என்ற பயத்தில்தான் என்னிடம் வர வேண்டி வந்தது.

ராத்தா என் பார்வையைக் கண்டார். கண்டு, தலை மறைத்த துணியைச் சரிசெய்துகொண்டு, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டார். நான் கரண்டியைக் காலால் மண்ணுக்குள் தள்ளிவிட்டேன். வாடிக்கையாளரின் வீட்டில் கண்டதை வெளியில் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்வேன் அல்லவா? இன்றைக்கு நான் அதை மீறுகிறேன் என்றால், அந்த இரண்டு பெண்களும் அனுமதி தந்த பிறகுதான்.

மஃரிப் தொழுகைக்கு முன்னால் மெசின் கொட்டிலுக்குள் இறங்கியது. மாஸ்டர் தார்ப்பாயை அவிழ்த்து, பச்சை நிற உடம்பைத் தடவிப் பார்த்தார். காசீம் முதலாளி வாசலில் நின்றபடியே, தன்னுடைய போட்டின் சாப்ட் தண்டு ஒன்று வளைந்து கிடக்கிறது என்று பொதுவாக, யாருக்கும் இல்லாமல், கூரையைப் பார்த்துச் சொன்னார். மாஸ்டரும் கூரையைப் பார்த்தே, கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். மதிலில் நாங்கள் திறந்த வாய் அப்படியே இருந்தது. கதவும் போடவில்லை. கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால், அக்காவும் தங்கச்சியும் லேத்தின் இரண்டு பக்கத்திலும் ஸ்டூல் போட்டு இருந்தார்கள். லேத்தின் நீட்டுப் பகுதி நல்ல சமதளம் அல்லவா? அதன் மேல் பூத்துணி விரித்து, தேத்தண்ணிக் கோப்பையும் தட்டு நிறைய அச்சுப் பலகாரமும் வைத்திருந்தார்கள். தலைப்பக்கத்தில் ஒரு சுளகில் கருவாடு காய்ந்தது. சகலன்மார் இரண்டு பேரும் வெளியே, வளைந்த சாப்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெசின் ஓட மூன்று பேஸ் கரண்ட் வேண்டும். மாஸ்டர் கேட்டிருக்கிறார், அந்த ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை.

எனக்கு மாஸ்டரை நினைத்துக் கவலையாகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தது, இன்னும் ஒருநாளும் ஓடவில்லையா என்று ராத்தாவிடம் கேட்டேன்.

அவர் எனக்கும் ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, லேத்தின் மேல் வைத்தார்.

"என்னத்துக்குத் தம்பி ஓடணும்?" என்றார். "வந்த வேலைய அது அண்டைக்கே முடிச்சிட்டுது."